எல்லைக்கோட்டுக்கு வெளியே: வெள்ளம் சூழும் சென்னையும் மாணவர்கள் வரையும் நகரமும்



ஆண்டுக்கு ஒருவரை அழைத்து நகரமைப்பைப் பற்றிப் பேசச் சொல்ல வேண்டும், பேசியதை அச்சிட்டு மாணவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை நிறுவிய பெரியவரின் விருப்பம். அந்த விருப்பத்துக்குச் செய்யும் மரியாதை, மாணவர்களின் வேலையைப் பற்றியே பேசுவதுதான் என்று கருதி இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நம் கட்டடக்கலைக் கல்லூரிகளின் நகர் வடிவமைப்பு ஸ்டூடியோக்களில் வெள்ளம் ஒரு நிலையான பாடப்பொருளாகிவிட்டது. அடையாற்றங்கரை, கூவம், பள்ளிக்கரணை, எண்ணூர் என்று ஆண்டுதோறும் வரைபடங்களும் மாதிரிகளும் குவிகின்றன. மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரிகளில் அமர்ந்து அவற்றைத் தொடர்ந்து பார்த்து வருகிறவன் என்ற முறையில் இன்று ஒரே ஒரு கருத்தைத்தான் வலியுறுத்த விரும்புகிறேன். வெள்ளத்துக்கான வடிவமைப்பு மனையின் எல்லைக்கோட்டோடு முடிவதில்லை. என் மனைக்குள் வந்த நீர் எங்கிருந்து வந்தது? என் மனையை விட்டுப் போகும் நீர் யார் வாசலில் போய் நிற்கும்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாத வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதியில் நின்றுபோன வரைபடம்.

நகரத்தின் நீர்க்கணக்கு

சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. அந்த மூன்று மாதங்களிலும் அது சீராகப் பெய்வதில்லை. சில காற்றழுத்தத் தாழ்வுகளும் ஓரிரு புயல்களும் சில நாட்களுக்குள் கொட்டிவிட்டுப் போய்விடுகின்றன. மீதி ஆண்டு முழுவதையும் அந்தச் சில நாட்களின் நீரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

நிலமோ தட்டையானது. நகரின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு, அதற்கும் தெற்கே கோவளம் கழிமுகம். இவற்றைக் குறுக்கே இணைத்துக்கொண்டு கடற்கரையை ஒட்டி ஓடுகிறது பக்கிங்ஹாம் கால்வாய். முகத்துவாரங்களை மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். புயலடிக்கும் நாளில் பொங்கி நிற்கும் கடல் ஆற்றுநீரை உள்வாங்காது. எனவே இந்த ஊரில் மழைநீரைக் கடலுக்கு விரட்டுவது மட்டுமே வழியாக ஒருநாளும் இருந்ததில்லை. வழியில் தேக்கித் தேக்கித்தான் அனுப்ப வேண்டும்.

நம் முன்னோர் ஏரிகளைக் கட்டியது இதை அறிந்துதான். மேட்டு நிலத்து நீரை வரத்துக்கால் கொண்டுவரும். கரை தேக்கும். மதகு வயலுக்குத் திறந்துவிடும். நிரம்பியதும் கலங்கலில் வழிந்து, போக்குக்கால் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். சிறு தாங்கலிலிருந்து செம்பரம்பாக்கம் போன்ற பேரேரி வரை எல்லாம் இப்படிச் சங்கிலியாகக் கோத்தவை. ஓர் ஏரியின் கலங்கல் உயரத்தை முடிவு செய்தவர்களுக்குக் கீழே இருக்கும் ஏரியின் கொள்ளளவும் தெரிந்திருக்க வேண்டும். மேலூர்க்காரர்கள் கலங்கலை ஒரு சாண் உயர்த்தினால் அவர்களுடைய வயல் மூழ்கும். தாழ்த்தினால் கீழூர் மூழ்கும். பக்கத்து ஊரைக் கணக்கில் கொள்ளாமல் ஏரி கட்ட முடியாது. நகர் வடிவமைப்பு மாணவர் இந்த மண்ணில் கற்க வேண்டிய முதல் இலக்கணம் இது.

நகரம் மாறிய விதம்

இந்தச் சங்கிலி எப்படி அறுந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1920-களில் உருவாகத் தொடங்கிய தியாகராய நகர், நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் படுகையிலும் அதன் ஓரங்களிலும் எழுந்தது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். வீட்டுவசதி வாரியத்தின் மனைப்பிரிவுகள் சிலவற்றுக்கு ஏரித் திட்டம் என்றே பெயர். முகப்பேரில் அந்தப் பெயர் இன்றும் முகவரியில் இருக்கிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே நடப்பட்டன.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் பள்ளிக்கரணையில் நடந்தது. தென்சென்னைப் பகுதியின் ஏரிகள் பலவற்றின் உபரிநீர் வந்து சேரும் இடம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து கோவளத்தில் கடலில் கலக்கும். ஒருகாலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் அந்தச் சதுப்புநிலத்தில், ஒருபக்கம் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு வளர்ந்தது. இன்னொரு பக்கம் நிறுவனங்களும் அடுக்ககங்களும் சாலைகளும் வந்தன. பழைய மகாபலிபுரம் சாலை தகவல் தொழில்நுட்ப வழித்தடமானபோது அதன் இருபுறமும் நிலம் மேடாக்கப்பட்டது. 2022-இல் அதில் 1,247 ஹெக்டேர் பரப்பு, பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அந்தச் சதுப்பை நிரப்பும் வரத்துக்கால்களும், அதை வடிக்கும் ஒற்றை மடுவும் அந்தப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியேதான் பெரும்பாலும் கிடக்கின்றன.

விளைவுகளை நீங்கள் அறிவீர்கள். 2015 நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அத்துடன் ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரியும் சேர்ந்து அடையாற்றில் இறங்கியது. 2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே சொன்னது.

நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. 2021 நவம்பரில் தியாகராய நகர் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடியை முழுக வைத்தது. அதே புயலில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர் மீனவர்களின் படகிலும் வலையிலும் அலையாத்தி மரங்களிலும் படிந்தது. வெள்ளமும் வறட்சியும் இங்கே தனித்தனி நோய்கள் அல்ல. தேக்கிவைக்கும் இடத்தை இழந்த நகரத்தின் ஒரே நோய் இருமுறை வெளிப்படுகிறது.

ஸ்டூடியோவில் நடப்பது

இனி மாணவர் வேலைக்கு வருவோம். வழக்கமாக ஜூரிக்கு வரும் வரைபடம் எப்படி இருக்கிறது? ஆற்றின் கரையில் ஒரு மனை. கரையோரம் நடைபாதை, மரவரிசை, மிதிவண்டித் தடம், படித்துறை. கணினியில் செய்த தோற்றப்படத்தில் வெயில் அடிக்கிறது, குழந்தைகள் பட்டம் விடுகிறார்கள். மனைக்கு மேலே ஆறு எத்தனை கன அடி கொண்டுவரும், மனைக்குக் கீழே எந்தப் பாலத்தில் முட்டும் என்ற குறிப்பு இருக்காது. பழைய அடிப்படை வரைபடத்தில் இருந்த குடிசை வரிசை, புதிய வரைபடத்தில் புல்தரையாகியிருக்கும்.

இதற்கு மாணவரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. நம் பாடத்திட்ட அட்டவணையே அவர்களை அப்படிச் செய்ய வைக்கிறது. ஆடி மாதம் வகுப்பு தொடங்கியதும் தளம் பார்க்க அழைத்துப் போகிறோம். அப்போது கால்வாய் காய்ந்து கிடக்கும். ஏரி விளையாட்டு மைதானமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது கல்லூரிக்கு விடுமுறை. விடுமுறை முடிந்ததும் தேர்வு. தான் எந்த நீருக்காக வரைகிறாரோ அந்த நீரை ஒருமுறைகூடத் தளத்தில் பார்க்காமலேயே மாணவர் வரைந்து முடித்துவிடுகிறார்.

அடிப்படை வரைபடத்திலும் சிக்கல் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தை வைத்து, கட்டடம் இல்லாத இடமெல்லாம் காலியிடம் என்று வண்ணம் தீட்டிவிடுகிறோம். வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தால் அதே இடம் ஏரி, தாங்கல், ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று புல எண்ணோடு இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துத் தெருவில் நடந்தால், கால்வாய் எந்த இடத்தில் கான்கிரீட் மூடிக்குள் போனது, எந்த இடத்தில் ஒரு மதிற்சுவருக்கு அடியில் மறைந்தது என்பது தெரியும். ஆதம்பாக்கம் ஏரியிலிருந்து பள்ளிக்கரணை நோக்கிப் போகும் வீராங்கல் ஓடையை இப்படித் தொடக்கம் முதல் முடிவு வரை கால்நடையாகத் தொடர்ந்து பார்த்த மாணவருக்கு, வேளச்சேரி ஏன் மூழ்குகிறது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒரு தெருவின் வெட்டுமுகம்

நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வேளச்சேரிப் பக்கத்தில் ஒரு குறுக்குத்தெருவை ஒரு மாணவர் குழு எடுத்துக்கொண்டது. முதல் சில வாரங்கள் அவர்கள் எதையும் வடிவமைக்கவில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் ஒன்றை இரவல் வாங்கி, தெருமுனையில் ஒரு புள்ளியை நிலைமட்டமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டின் வாசற்படியையும் சாலை நடுவையும் வடிகால் மூடியையும் அளந்தார்கள். சுவரில் 2015-இன் கறை எங்கே, 2023-இன் கறை எங்கே என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டுக் குறித்தார்கள்.

அந்த அளவுகளை வைத்து அவர்கள் வரைந்த, தெருவை நெடுக வெட்டிப் பார்ப்பதுபோல் மட்டங்களைக் காட்டும் நீண்ட வெட்டுமுகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. தெருவிலேயே பழைய வீடு சாலையைவிட ஒரு முழம் தாழ்வில் கிடந்தது. கட்டும்போது அது மூன்று படி ஏறிப் போகும் வீடு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதில் சாலை வளர்ந்துகொண்டே வந்தது. வீடு அமுங்கிக்கொண்டே போனது. அடுத்த வீட்டுக்காரர் கடன் வாங்கி, ஜாக்கிகள் வைத்து வீட்டையே தூக்கிவிட்டார். அதற்கடுத்து வந்த அடுக்ககம் மனை முழுவதையும் மண் கொட்டி உயர்த்தி, கார் நிறுத்தத்துக்குச் சாய்தளம் போட்டு, அந்தச் சாய்தளத்தால் வடிகாலின் வாயை மூடியிருந்தது. மழைநீர் வடிகாலின் மூடி சாலையைவிட உயரமாக இருந்ததால் சாலை நீர் அதற்குள் இறங்கவே வழியில்லை. ஒவ்வொருவரும் தன் மனைக்குள் செய்தது புத்திசாலித்தனமான காரியம்தான். எல்லாம் சேர்ந்த கணக்கில், தூக்கவும் உயர்த்தவும் வசதியில்லாத அந்தப் பழைய வீட்டுக்குள் தெருவின் நீர் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

மாணவர்கள் முன்வைத்த தீர்வில் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. சாலையை மீண்டும் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்து, தெரு முழுமைக்கும் ஒரே மட்டத்தை நிர்ணயித்து அதை ஒரு கல்லில் பொறித்து வைக்க வேண்டும். வடிகாலின் வாய்களைச் சாலை மட்டத்துக்குத் தாழ்த்த வேண்டும். தெருக்கோடியில் இருக்கும் மாநகராட்சி விளையாட்டுத் திடலை இரண்டு அடி தாழ்த்தினால் முதல் சில மணி நேரத்து மழையை அது தாங்கிக்கொள்ளும். இதை ஒரே தாளில் தமிழில் எழுதி, வெட்டுமுகப் படத்தோடு குடியிருப்போர் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அந்தத் தெருவாசிகள் தாங்கள் ஒருவர்மீது ஒருவர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருப்பதை முதன்முறையாக ஒரு படத்தில் பார்த்தார்கள். கட்டடக்கலை வரைபடம் ஒரு தெருவுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பேன்.

ஒரு கிரவுண்டு மனை, பத்து சென்டிமீட்டர் மழை

வெட்டுமுகத்தோடு கணக்கும் வேண்டும். நம் ஊரில் மனையைக் கிரவுண்டில் அளக்கிறோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதன்மேல் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 22,300 லிட்டர். 12,000 லிட்டர் லாரிகள் கிட்டத்தட்ட இரண்டு. கோடையில் காசு கொடுத்துக் காத்திருந்து வாங்கும் அதே இரண்டு லாரித் தண்ணீரைத்தான் ஐப்பசியில் ஒரே நாளில் தெருவில் தள்ளி, பக்கத்து வீட்டை மூழ்கடிக்கிறோம்.

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நாட்டுக்கே முன்னோடியான சட்டம் அது. ஆனால் பல இடங்களில் அது அனுமதி வாங்குவதற்கான ஒரு குழாயாகவும் ஒரு குழியாகவும் சுருங்கிவிட்டது. மாணவர் ஒவ்வொருவரும் தன் வடிவமைப்பில் கூரை, தளம், தோட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தக் கணக்கைப் போட்டு, இவ்வளவு லிட்டர் உள்ளே தங்கும், இவ்வளவு மண்ணில் இறங்கும், இவ்வளவு வெளியே போகும் என்று மூன்று எண்களை வரைபடத்தின் மூலையில் எழுதட்டும். மூன்றாவது எண்ணை எவ்வளவு குறைத்தார் என்பதற்கு மதிப்பெண் கொடுப்போம்.

மண்ணையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணல்வெளியில் பெய்யும் மழை நேரே நிலத்தடிக்குப் போய், கடல்நீர் உள்ளே புகாமல் காக்கிறது. அங்கே கான்கிரீட் வடிகால் கட்டினால் அந்த நன்னீர் கடலுக்குப் போய்விடும் என்று குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். களிமண் பாங்கான மேற்குப் பகுதிகளிலோ உறிஞ்சுகுழி மட்டும் போதாது. தேக்கும் குளம் வேண்டும். கிண்டி குதிரைப் பந்தய மைதான வளாகத்தில் அண்மையில் குளங்கள் வெட்டப்பட்டதன் தர்க்கமும் இதுவே. வேளச்சேரிக்குப் போகும் நீரை வேளச்சேரியில் சமாளிப்பதைவிட அதற்கு மேலேயே நிறுத்துவது எளிது.

யாரை அப்புறப்படுத்துகிறோம்?

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆற்றங்கரையைச் சீரமைக்கிறோம் என்று வரையும்போது அங்கே வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள்? 2015-க்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் உள்ளிட்ட மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில். வெள்ள அபாயத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, மழைக்காலத்தில் தண்ணீர் சூழும் இன்னோர் இடத்துக்கே அவர்களைக் கொண்டுபோய் வைத்தோம். வீட்டுவேலைக்கும் சந்தைக்கும் மீன்பிடிக்கவும் நடந்து போனவர்கள் இருபது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் வந்து போக வேண்டியதாயிற்று. பள்ளிப் படிப்பை நடுவில் விட்ட பிள்ளைகள் உண்டு. வேலையை இழந்த பெண்கள் உண்டு.

அதே ஆற்றின் கரையிலும் அதே சதுப்பின் மேலும் நிற்கும் பெரிய நிறுவனங்களையும் அடுக்ககங்களையும் யாரும் அப்புறப்படுத்தவில்லை. மாணவர் வரைபடத்தில் குடிசை புல்தரையாவதும் அந்தக் கட்டடங்கள் அப்படியே நிற்பதும் தற்செயல் அல்ல. நகரம் தன் வழக்கத்தை மாணவர் கையிலும் எழுத வைக்கிறது. இதை நாம் உடைக்க வேண்டும்.

எனவே மாணவர்களுக்கு ஒரு நெறியை முன்வைக்கிறேன். உங்கள் திட்டத்தில் ஒரு குடும்பம் இடம்பெயர வேண்டியிருந்தால், அது எந்த இடத்துக்குப் போகிறது, அங்கே 2015-இல் எவ்வளவு தண்ணீர் நின்றது, வேலைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்பதை வரைபடத்தில் காட்டுங்கள். அதே ஆற்றுப்படுகைக்குள், நடந்து போகும் தூரத்தில், மேடான பொதுநிலத்தில் அவர்களுக்கு இடம் தேடுங்கள். தேடினால் கிடைக்கும், அரசு அலுவலக வளாகங்களும் பயன்படாத கிடங்குகளும் நகருக்குள் ஏராளம். தேடாமல் புல்தரை வரைகிற கை, எவ்வளவு தேர்ந்த கையானாலும், நல்ல கை அல்ல.

வெளியூர்களில் மாணவர்கள்

மாணவர் வேலை தாளோடு நின்றுவிடும் என்று யாரும் சோர்வடைய வேண்டாம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2013-இல் திறக்கப்பட்ட பெந்தம்பிளைன் நீர்ச்சதுக்கத்தை எண்ணிப் பாருங்கள். வறண்ட நாளில் அது பந்து விளையாடும் இடம், உட்கார்ந்து பேசும் படிக்கட்டு. மழை நாளில் மூன்று தொட்டிகளாகி ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் நீரைத் தாங்கும். டி அர்பனிஸ்டன் என்ற வடிவமைப்புக் குழு அதை வரைவதற்கு முன் பட்டறைகள் நடத்தியது. அவற்றில் சதுக்கத்தை ஒட்டிய கல்லூரிகளின் மாணவர்கள் உட்கார்ந்து, தங்களுக்கு அங்கே என்ன வேண்டும் என்று சொன்னார்கள்.

பாங்காக் நம்மைப் போலவே தட்டையான நிலத்தில், கடலுக்கு அருகே கட்டப்பட்ட நகரம். 2011-இல் பெருவெள்ளம் கண்டது. அங்கே சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகம் தன் நூற்றாண்டை ஒட்டி, நகரின் நடுவில் இருந்த தன் விலைமதிப்பற்ற நிலத்தை விற்காமல், வாடகைக்கு விடாமல், 2017-இல் பூங்காவாக்கியது. அதே பல்கலைக்கழகத்தில் படித்த கொச்சகோர்ன் வோராகோம் வடிவமைத்த அந்தப் பதினோரு ஏக்கர்ப் பூங்கா ஒருபக்கமாகச் சரிந்து, விழும் மழையைத் தாழ்வான குளத்துக்கு இறக்குகிறது. சுமார் 38 லட்சம் லிட்டரைத் தேக்குகிறது. ஒரு கல்வி நிலையம் தன் நிலத்திலேயே பாடத்தைக் காட்டியது என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

நம் பக்கமும் வெறுமையாக இல்லை. 2016-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நகர் வடிவமைப்பு மாணவர்கள் மதுரையின் நீரை ஸ்டூடியோப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். நெதர்லாந்து அரசு தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் சென்னைக்காக உருவான 'ஆயிரம் குளங்களின் நகரம்' என்ற யோசனை, பார்வையற்ற, செவித்திறனற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி வளாகத்தில் முதல் முன்மாதிரியாக நிறைவேறியது. அங்கே மழைநீரும் சுத்திகரித்த கழிவுநீரும் நிலத்தடிக்கு இறங்குகின்றன. ஒரு பள்ளியில் முடிந்தது ஒரு கல்லூரி வளாகத்தில் முடியாதா?

கல்லூரிகளுக்கும் அரசுக்கும்

கல்லூரிகளிடம் மூன்று கோரிக்கைகள். முதலாவது, வெள்ள ஸ்டூடியோவின் அட்டவணையை மழைக்கேற்ப மாற்றுங்கள். ஆவணி, புரட்டாசியில் அளவெடுப்பு. தண்ணீர் வடிந்த மறுவாரம், சுவரில் கறை காயும் முன், பாதுகாப்பாக மறு அளவெடுப்பு. தை மாதத்துக்குப் பிறகு வடிவமைப்பு. இரண்டாவது, ஒரே வடிநிலத்தை ஐந்தாண்டு விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணியும் புதிதாகத் தொடங்கி, ஒரு பருவத்தில் முடித்து, வரைபடத்தைப் பரணில் போடுவதால் அறிவு சேர்வதில்லை. முந்தைய அணி எடுத்த மட்டங்களின் மேல் அடுத்த அணி வேலை செய்யட்டும். மூன்றாவது, ஜூரியில் நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவரும், அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவரும் இருக்கட்டும். தண்ணீரில் நின்றவர் கேட்கும் கேள்வியைப் பேராசிரியர் கேட்க முடியாது.

அரசிடம் ஒரு கோரிக்கை. 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. அடுத்த இருபதாண்டுக்கான மூன்றாவது திட்டம் உருவாகி வருகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 ஆக விரிவுபடுத்த 2022-இல் அரசாணையும் வந்துவிட்டது. காஞ்சிபுரம், திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்தில் இன்னும் உயிரோடிருக்கும் ஏரிச்சங்கிலிகள் இதனால் நகரத் திட்டத்துக்குள் வருகின்றன. தியாகராய நகரிலும் முகப்பேரிலும் செய்ததை அங்கே மறுபடி செய்யாமல் இருக்க இது கடைசி வாய்ப்பு. ஒவ்வொரு வரத்துக்காலையும் கலங்கலையும் போக்குக்காலையும் அளந்து குறிக்க அரசிடம் போதிய ஆட்கள் இல்லை. கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு கல்லூரிக்கு ஒரு துணை வடிநிலம் என்று பிரித்துக் கொடுத்து, அவர்கள் எடுக்கும் அளவுகளைச் சரிபார்த்து, திட்ட ஆவணத்தின் பகுதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். கிராம வரைபடங்களையும் நிலமட்ட விவரங்களையும் மாணவர்களுக்குத் தடையின்றிக் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை அலுவலகம் வைப்பீர்கள். ஒரு வாடிக்கையாளர் வந்து, என் மனையை நாலடி உயர்த்திக் கொடு, தண்ணீர் என் பக்கம் வரக்கூடாது என்பார். அவர் கேட்பதில் தவறில்லை. அவரும் தண்ணீரில் நின்றவர். ஆனால் அவரிடம், ஐயா, உங்கள் நாலடி பக்கத்து வீட்டுக்கு நாலடி வெள்ளம், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வேறு வழி வைத்திருக்கிறேன் என்று சொல்லும் துணிவும், அந்த வழியை வரைந்து காட்டும் திறமையும் உங்களுக்கு வேண்டும். அதைப் பழகும் இடம் இந்தக் கல்லூரி. எனவே இந்தப் பருவமழைக்கு முன்பே தொடங்குங்கள். உங்கள் தெருவுக்கு நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு வெட்டுமுகம் வரையுங்கள். அதை உங்கள் வார்டு உறுப்பினரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.